நான்கெழுத்துச் சுவடி

நுழையும்முன்

உயிரினங்களின் அமைப்பையும் இயக்கத்தையும் வழிநடத்தும் செய்தி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகளை ஆய்வகங்களில் கண்டறிந்து கணினிக் கோப்புகளாகச் சேமித்து வைக்கின்றனர். கோடிக்கணக்கான எழுத்துகளைக் கண்ணால் படித்து முடிக்க இயலாது. அவற்றைப் படிக்கவும் தேர்ந்தெடுக்கவும் மீண்டும் எழுதிவைக்கவும் சிறு நிரல்கள் உதவுகின்றன. ஓரெழுத்துத் தவறினாலும் பொருள் முழுதும் மாறிவிடும் இக்கோப்புகளைப் பிழையின்றிக் கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

உயிரியலும் எழுத்தும்

டி.என்.ஏ. என்பது அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்னும் நான்கு வகைக் காரங்களைத் தாங்கிய நெடிய மூலக்கூறு. இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ, சி, ஜி, டி எனச் சுருக்கி எழுதுவது வழக்கம். இந்நான்கும் எந்த ஒழுங்கில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதையே வரிசை என்கிறோம். செல்லுக்குள் இவ்வரிசை முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, பின்னர்ப் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்னும் இரண்டும் நூலுலகிலிருந்து உயிரியல் எடுத்துக்கொண்ட சொற்கள். செல்லில் நிகழ்வதை விளக்க அறிஞர்கள் எழுத்துலகின் சொற்களை நாடியதில் வியப்பில்லை. இரண்டிடத்தும் நடைபெறுவது ஒன்றே. ஓரிடத்தில் உள்ள செய்தி மாறாமல் வேறோரிடம் சேர வேண்டும்.

வரிசையில் மூன்று மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு குறியன் ஆகின்றன. நான்கெழுத்துகளால் 64 குறியன்களை அமைக்கலாம். அவற்றுள் 61 குறியன்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும், ‘புரதம் இத்துடன் முடிகிறது’ என அறிவிக்கும் நிறுத்தக் குறியன்கள். பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. எங்கே பிரிப்பது என்பதைப் படிப்பவரே அறிந்திருத்தல் வேண்டும். மரபணு வரிசையும் அத்தகையதே. குறியன்களுக்கு இடையே இடைவெளியோ காற்புள்ளியோ கிடையாது. எந்த எழுத்தில் தொடங்கி மும்மூன்றாகப் பிரிக்கிறோமோ அதைப் பொறுத்தே பொருள் அமையும். இவ்வுண்மை, பின்னர் நாம் காணவிருக்கும் ஒரு பெரும்பிழைக்கு அடிப்படையாக அமைகிறது.

ஏட்டிலிருந்து கோப்புக்கு

வரிசைகளைத் தொகுக்கும் முயற்சி புரதங்களில் தொடங்கியது. அமெரிக்க அறிவியலாளர் மார்கரெட் டேஹாஃப் 1965ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அமினோ அமிலம் ஒவ்வொன்றையும் ஒரே எழுத்தால் குறிக்கும் முறையை வகுத்தவரும் அவரே. கணினியின் நினைவகம் அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த அக்காலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கங்களைக் காட்டிலும் ஓரெழுத்துக் குறியீடு பெரிதும் பயன்பட்டது.

1977ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் சாங்கரின் குழுவினர் ஃபை எக்ஸ் 174 என்னும் நுண்ணுயிர்த்தின்னி வைரஸின் மரபணுத்தொகுதியை வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 5,400 எழுத்துகள். அதை ஒரு தாளில் அச்சிட்டுக் கண்ணால் படித்துவிடலாம். 1982ஆம் ஆண்டில் ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது தொகுப்பின் அளவு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாக வளர்ந்திருந்தது. நொடிக்கு ஓரெழுத்து வீதம் இடைவிடாது படித்தாலும் அதை முடிக்க 95 ஆண்டுகள் ஆகும். அச்சுத்தாள் போதாமல் கோப்பு வந்ததும், கண் போதாமல் நிரல் வந்ததும் இவ்வாறே.

ஒரு கோப்பு உலகை அடைந்த கதை

வரிசைக்கோப்பு ஒன்றின் மதிப்பை அண்மைக் காலத்தில் உலகம் நேரில் கண்டது. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில், சீன அறிவியலாளர் சாங் யோங்சென் குழுவினர் கண்டறிந்த புதிய கொரோனா வைரஸின் வரிசை, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய எட்வர்டு ஹோம்ஸின் வழியாக இணையத்தில் வெளியிடப்பட்டது. நோய்க்கிருமியின் மாதிரி கைக்கு வருமுன்பே, பல நாட்டு ஆய்வாளர்கள் அவ்வெழுத்துக்கோப்பைக் கொண்டு நோயறி சோதனைகளையும் தடுப்பூசிகளையும் வடிவமைக்கத் தொடங்கினர். பயணம் செய்தது கிருமியன்று, அதன் எழுத்துவடிவம்.

இவ்வரிசை ஜென்பேங்கில் எம்.என்.908947.3 என்னும் பதிவெண்ணுடன் உள்ளது. புள்ளிக்குப் பின்னுள்ள 3, இது திருத்தங்களுக்குப் பின் அமைந்த மூன்றாம் பதிப்பு என்பதைக் காட்டும். வரிசையின் நீளம் 29,903 எழுத்துகள். இவ்வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்பதால் அதில் தைமினுக்கு மாற்றாக யுராசில் இருக்கும். எனினும் தரவுத்தளங்களின் மரபுப்படி, கோப்பில் யுராசிலின் இடத்தில் டி என்றே எழுதுவர். கோப்பைப் படிப்பவர் அதன் எழுத்துகளோடு அதன் மரபுகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது முதற்சான்று. இக்கோப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்வோம்.

ஃபாஸ்டா: எளிமையே வலிமை

வரிசைகளைச் சேமிக்கும் வடிவங்களுள் மிக எளியது ஃபாஸ்டா. வில்லியம் பியர்சன், டேவிட் லிப்மன் ஆகிய இருவரும் 1980களில் உருவாக்கிய வரிசைத்தேடல் மென்பொருளின் பெயரே அது பயன்படுத்திய கோப்பு வடிவத்துக்கும் நிலைத்துவிட்டது. அதன் இலக்கணம் இரண்டே விதிகளில் அடங்கும்.

1. ‘>’ என்னும் குறியுடன் தொடங்கும் வரி, தலைப்புவரி.
2. அடுத்த தலைப்புவரி வரும்வரை உள்ள வரிகள் அனைத்தும் சேர்ந்து ஒரே வரிசை.

வைரஸின் கோப்பைத் திறந்தால் அதன் தொடக்கம் பின்வருமாறு அமைந்திருக்கும். ஆங்கில எழுத்துகள் இங்குத் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

> எம்.என்.908947.3 வைரஸ், முழு மரபணுத்தொகுதி
ஏ டி டி ஏ ஏ ஏ ஜி ஜி டி டி டி ஏ டி ஏ சி சி டி டி சி சி …

தலைப்புவரியில் முதல் இடைவெளிக்கு முன்னுள்ள பகுதி அடையாளப்பெயர், பின்னுள்ளது விளக்கம். பெரும்பாலான நிரல்கள் இவ்வாறே பிரித்துக்கொள்கின்றன. எனவே அடையாளப்பெயருக்குள் இடைவெளி விட்டு எழுதினால் பெயரின் பின்பாதி விளக்கமாகிவிடும். ‘மாதிரி 1’, ‘மாதிரி 2’ எனப் பெயரிட்ட இரு வரிசைகளும் நிரலுக்கு ‘மாதிரி’ என்னும் ஒரே பெயராகவே தோன்றும். இடைவெளிக்கு மாற்றாக அடிக்கோடு இட்டு எழுதுவது நன்று.

தெரியுமா?

வரிசைக்கோப்புகள் எவ்வகை ஒப்பனையும் இல்லாத வெற்று எழுத்துக்கோப்புகளாகவே இன்றும் பேணப்படுகின்றன. அட்டவணைச் செயலிகள் தாமாகவே எழுத்தை மாற்றிவிடும் இயல்புடையவை. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப்பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கத்தை ஒத்திருந்தன. எக்செல் செயலியில் உள்ளிட்டதும் அப்பெயர்கள் நாள்களாக மாறின. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் அட்டவணைகளில் இப்பிழை கண்டறியப்பட்டது. இறுதியில் மரபணுப் பெயரிடும் குழுவினர் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றியமைத்தனர். இதற்கான நெறிமுறைகள் 2020ஆம் ஆண்டில் வெளியாயின.

நிரல் எவ்வாறு படிக்கிறது?

ஃபாஸ்டா கோப்பைப் படிக்கும் சிறு நிரலைப் பைத்தான் மொழியில் இருபது வரிகளுக்குள் எழுதிவிடலாம். அதன் செயல்முறையைப் பேச்சுமொழியில் சொன்னால் பின்வருமாறு அமையும்.

1. கோப்பைப் படிக்கும் நிலையில் திற.
2. ஒவ்வொரு வரியாக எடு. வரியின் இறுதியில் உள்ள வரிமுடிவுக் குறியை நீக்கு.
3. வரி ‘>’ எனத் தொடங்கினால், இதுவரை சேர்த்த வரிசையை முந்தைய பெயருடன் சேமி. புதிய பெயரைக் குறித்துக்கொள். சேர்க்கும் இடத்தை வெறுமையாக்கு.
4. அவ்வாறு தொடங்காவிட்டால், அவ்வரியை முன்சேர்த்த வரிசையின் இறுதியில் ஒட்டு.
5. வரிகள் முடிந்ததும், கையில் எஞ்சியுள்ள இறுதி வரிசையையும் சேமி.

இவற்றுள் இரண்டாம் படியும் ஐந்தாம் படியும் கவனத்திற்குரியவை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒன்று உள்ளது. அதை நீக்காவிட்டால் நிரல் அதனையும் ஓர் எழுத்தாகவே எண்ணும். வரிக்கு 70 எழுத்து வீதம் அடுக்கினால் வைரஸின் வரிசை 428 வரிகளில் அமையும். குறிகளை நீக்க மறந்த நிரல் 29,903க்கு மாற்றாக 30,331 எழுத்துகள் என்று விடை கூறும். நிரல் தடைபடாமல் ஓடி முடியும்; ஆனால் விடை தவறாக இருக்கும்.

ஐந்தாம் படியை மறப்பது தொடக்கநிலையில் நிரல் எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படும் பிழை. அடுத்த ‘>’ குறியைக் கண்டால் மட்டுமே முந்தைய வரிசையைச் சேமிக்குமாறு நிரலை அமைத்துவிடுகிறோம். கடைசி வரிசைக்குப் பின் அக்குறி வருவதில்லை. ஆதலால் அவ்வரிசை சேமிக்கப்படாமலேயே போகும். நூறு நோயாளிகளின் மாதிரிகள் அடங்கிய கோப்பில் 99 மட்டுமே விடையில் இடம்பெறும். விடுபட்ட ஒன்று யாருடையது என்று நிரல் தானாக அறிவிக்காது.

எங்கிருந்து எண்ணுவது?

ஃபாஸ்டா கோப்பில் எழுத்துகள் உண்டு. அவற்றைப் பற்றிய குறிப்புகள் மிகுதியாக இல்லை. ஜென்பேங்க் வடிவக்கோப்பில் வரிசையுடன், எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் குறிப்புகளும் இடம்பெறும். நமது வைரஸின் கூர்ப்புரத மரபணு 21,563ஆம் எழுத்தில் தொடங்கி 25,384ஆம் எழுத்தில் முடிகிறது என அதில் காணலாம். மனித உயிரணுவைப் பற்றிக்கொள்ள வைரஸுக்கு உதவுவது இப்புரதமே. பல தடுப்பூசிகள் இதனை இலக்காகக் கொண்டே உருவாக்கப்பட்டன.

இம்மரபணுவைத் தனியே வெட்டியெடுக்க வேண்டும் எனக் கொள்வோம். தொடக்கம், முடிவு ஆகிய இரு எழுத்துகளையும் உட்படுத்தி எண்ணினால் அதன் நீளம் 3,822. மூன்றால் வகுத்தால் 1,274 குறியன்கள். இறுதிக் குறியன் நிறுத்தத்திற்குரியது. ஆகவே புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஜென்பேங்க் கோப்பு முதல் எழுத்தை ஒன்று என எண்ணுகிறது. பைத்தான் மொழியோ முதல் எழுத்தைச் சுழியம் என எண்ணுகிறது. ஆகவே கோப்பில் 21,563ஆம் எழுத்து எனக் குறிக்கப்பட்டது, பைத்தானின் கணக்கில் 21,562. மேலும் பைத்தானில் ஒரு பகுதியை வெட்டும்போது, முடிவாகத் தரும் எண்ணுக்கு முந்தைய எழுத்துடன் வெட்டு நின்றுவிடும். எனவே தொடக்க எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும். முடிவெண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். 21,562 முதல் 25,384 வரை என்பதே நிரலுக்குத் தர வேண்டிய கட்டளை.

ஒன்றைக் கழிக்க மறந்தால் என்ன நேரும்? சரியாக வெட்டிய வரிசையின் முதல் பத்துக் குறியன்கள் இவை:

ஏடிஜி – டிடிடி – ஜிடிடி – டிடிடி – சிடிடி – ஜிடிடி – டிடிஏ – டிடிஜி – சிசிஏ – சிடிஏ

ஏடிஜி என்பது புரதத்தின் தொடக்கத்தை அறிவிக்கும் குறியன். ஒன்றைக் கழிக்காமல் வெட்டினால் அதன் முதலெழுத்தாகிய ஏ விடுபடும். எஞ்சிய எழுத்துகள் எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்து பின்வருமாறு பிரியும்:

டிஜிடி – டிடிஜி – டிடிடி – டிடிசி – டிடிஜி – டிடிடி – டிஏடி – டிஜிசி – சிஏசி – டிஏஜி

பத்தாவதாக நிற்கும் டிஏஜி ஒரு நிறுத்தக் குறியன். 1,273 அமினோ அமிலங்கள் கொண்டிருக்க வேண்டிய புரதம் ஒன்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒன்பதில் பெரும்பாலானவை உண்மையான புரதத்தின் தொடக்கத்தோடு பொருந்தா. விடுபட்டது 3,822இல் ஓரெழுத்து; அழிந்ததோ முழுச்செய்தி. இதற்கும் கணினி எவ்விதப் பிழைச்செய்தியும் தராது. ஏனெனில் கணினியின் நோக்கில் இரண்டும் எழுத்துகளின் சரங்களே. எது புரதம் என்று அறிந்தவர் நாமே.

ஐயத்தையும் எழுதும் கோப்பு

வரிசைமுறைக் கருவி ஒவ்வோர் எழுத்தையும் ஒரே உறுதியுடன் கண்டறிவதில்லை. சிலவற்றைத் தெளிவாகவும் சிலவற்றை ஐயத்துடனும் படிக்கிறது. இந்த உறுதியின் அளவையும் சேர்த்துப் பதிவுசெய்ய எழுந்த வடிவம் ஃபாஸ்ட்கியூ. இது இங்கிலாந்திலுள்ள சாங்கர் நிறுவனத்தில் உருவானது. இதில் ஒரு பதிவு பொதுவாக நான்கு வரிகளைக் கொண்டது. முதல்வரி ‘@’ குறியுடன் தொடங்கும் பெயர். இரண்டாம்வரி எழுத்துகளின் வரிசை. மூன்றாம்வரி ‘+’ குறி. நான்காம்வரி தரக்குறிகளின் வரிசை. எத்தனை எழுத்துகளோ அத்தனை தரக்குறிகள்.

தரக்குறியின் பொருளை எண்ணாக மாற்றி அறிய வேண்டும். கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஆஸ்கி என்னும் எண்மதிப்பு உண்டு. அதிலிருந்து 33ஐக் கழித்தால் தரமதிப்பு கிடைக்கும். தரமதிப்பு 10 எனில் அவ்வெழுத்துத் தவறாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. 20 எனில் நூற்றில் ஒன்று. 30 எனில் ஆயிரத்தில் ஒன்று. கேள்விக்குறியின் ஆஸ்கி மதிப்பு 63. எனவே தரவரியில் வரும் ‘?’ தரமதிப்பு 30ஐக் குறிக்கும். ஐயத்தைக் காட்டுவதாக நாம் கருதும் குறி, இக்கோப்பில் நல்ல உறுதியைக் காட்டுகிறது. குறியின் பொருளைத் தீர்மானிப்பது அது நிற்கும் இடமே.

இவ்வடிவத்தைப் படிக்கும் நிரலிலும் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, ‘@’ எனத் தொடங்கும் வரிகளை எண்ணினால் பதிவுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என எண்ணுவது. ‘@’ குறியும் தரமதிப்பு 31ஐக் காட்டும் ஒரு தரக்குறியே. எனவே தரவரியும் அக்குறியுடன் தொடங்கக்கூடும். அவ்வாறு எண்ணினால் உள்ளதைவிட மிகுதியான எண்ணிக்கை வரும். நான்கு நான்கு வரிகளாக எடுத்துப் படிப்பதே முறை.

இரண்டாவது, கழிக்க வேண்டிய எண் எல்லாக் காலத்தும் 33 ஆக இருந்ததில்லை. பழைய கருவிகள் சில 64ஐக் கழிக்கும் முறையைப் பின்பற்றின. அத்தகைய பழைய கோப்பைப் புதிய முறையில் படித்தால் ஒவ்வொரு தரமதிப்பும் 31 கூடுதலாகத் தோன்றும். உண்மையில் 2 ஆக உள்ள மதிப்பு 33 எனக் காட்டப்படும். பத்தில் ஆறுமுறை தவறக்கூடிய எழுத்து, இரண்டாயிரத்தில் ஒருமுறையே தவறும் எழுத்தாக வேடம் புனைந்துவிடும். அதை நம்பி நோயாளி ஒருவரின் மரபணுவில் மாற்றம் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கூறினால் விளைவு என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பயோபைத்தான் என்னும் கருவிப்பெட்டி

இத்தகைய நுட்பங்கள் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரும் புதிதாகக் கற்றுப் பிழைபட்டுத் திருத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. இதனை உணர்ந்த நிரலாளர்கள் 1999ஆம் ஆண்டில் பயோபைத்தான் என்னும் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தன்னார்வலர்கள் இணைந்து உருவாக்கி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளித்துள்ள கட்டற்ற மென்பொருள் இது.

இதில் சீக்-ஐஓ என்னும் கூறு வரிசைக்கோப்புகளைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியது. அதன் முதன்மைச் செயற்கூறுகள் நான்கு. ‘பார்ஸ்’ பல வரிசைகள் உள்ள கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். ‘ரீட்’ ஒரே ஒரு வரிசையுள்ள கோப்புக்கு உரியது. கோப்பு வெறுமையாக இருந்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருந்தாலோ பிழையென அறிவித்து நின்றுவிடும். ‘ரைட்’ வரிசைகளைக் கோப்பாக எழுதும். ‘கன்வர்ட்’ ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றும்.

‘பார்ஸ்’ ஒவ்வொன்றாகத் தருவதில் ஒரு பயன் உண்டு. வரிசைமுறைக் கருவி தரும் கோப்பில் பல இலட்சம் பதிவுகள் இருக்கலாம். அனைத்தையும் ஒருங்கே நினைவகத்தில் ஏற்றினால் எளிய கணினி திணறும். தாகத்திற்கு நீரருந்தக் கிணற்றை முழுவதும் இறைப்பார் இல்லை. ஒரு பதிவை எடுத்து, வேண்டியதைச் செய்து, அதை விடுத்து அடுத்ததை எடுத்தால் பள்ளிக்கணினியும் பெருங்கோப்பைக் கையாளும்.

எழுதும்போது காக்க வேண்டியவை

படித்தலில் நேரும் பிழை விடையைக் கெடுக்கும். எழுதுதலில் நேரும் பிழை மூலத்தையே கெடுத்துவிடும். ‘ரைட்’ செயற்கூறுக்கு நாம் தரும் பெயரில் முன்பே ஒரு கோப்பு இருந்தால், அது எச்சரிக்கையின்றி அழிக்கப்பட்டுப் புதியது அவ்விடத்தில் எழுதப்படும். ஆகவே கருவியிலிருந்து வந்த மூலக்கோப்பைத் திருத்துவதற்குரியதாகக் கருதலாகாது. அதனைத் தனிக்கோப்புறையில் வைத்து, விடைகளை வேறு பெயரில் எழுதுவதே ஆய்வாளர்களின் ஒழுக்கம்.

வடிவமாற்றத்திலும் இழப்பு உண்டு. ஃபாஸ்ட்கியூ கோப்பை ஃபாஸ்டாவாக மாற்றினால் எழுத்துகள் எஞ்சும், தரக்குறிகள் மறையும். பின்னர் அந்த ஃபாஸ்டாவிலிருந்து ஃபாஸ்ட்கியூவைப் பெற முயன்றால், தரமதிப்புகள் இல்லை எனப் பயோபைத்தான் மறுத்துவிடும். இல்லாத உறுதியைப் புனைந்து எழுதாமல் மறுப்பதே சரியான செயல்.

வரிசையில் சில இடங்களில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து வருவதும் உண்டு. ‘இவ்விடத்தில் ஓர் எழுத்து உள்ளது, ஆனால் எதுவெனத் தெரியவில்லை’ என்பது அதன் பொருள். கோப்பு தூய்மையாகத் தோன்ற வேண்டும் என்று அதனை நீக்கினால் அதன்பின் உள்ள ஒவ்வோர் எழுத்தின் இடமும் மாறிவிடும். சிதைந்த சுவடியைப் படியெடுப்போர், படிக்க இயலாத இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது போன்றது இது. தெரியாததைத் தெரியாதது என்றே குறித்தல் அறிவியலின் நேர்மை.

எண்ணிப் பார்த்தலே சரிபார்த்தல்

மேற்கண்ட பிழைகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவை ஓசையின்றி நிகழ்பவை. நிரல் நின்றுவிட்டால் பிழை உண்டென்று தெரிந்துகொள்வோம். ஓடி முடித்துத் தவறான விடையைத் தந்தால் ஐயம் எழுவதில்லை. ஆதலால் ஐயத்தை நாமே நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டும்.

அதற்குச் சிக்கலான வழிகள் தேவையில்லை. எண்ணிப் பார்த்தலே போதும். வைரஸின் கோப்பைப் படித்து முடித்ததும் நான்கெழுத்துகளையும் தனித்தனியே எண்ணச் செய்யலாம். ஏ 8,954, சி 5,492, ஜி 5,863, டி 9,594 என விடை வரும். நான்கையும் கூட்டினால் 29,903. பதிவில் குறிக்கப்பட்ட நீளமும் அதுவே. நிரல் படித்த வரிசையின் மொத்த நீளம் இக்கூட்டுத்தொகையைவிட மிகுந்தால் வேண்டாத குறி ஏதோ கலந்துள்ளது எனவும், கூட்டுத்தொகை பதிவில் உள்ள நீளத்தைவிடக் குறைந்தால் எழுத்து விடுபட்டுள்ளது எனவும் அறியலாம். வெட்டியெடுத்த மரபணுவின் நீளம் மூன்றால் மீதியின்றி வகுபடுகிறதா, ஏடிஜி எனத் தொடங்குகிறதா, நிறுத்தக் குறியன் இறுதியில் மட்டுமே வருகிறதா எனவும் வினவலாம். ‘ரைட்’ செயற்கூறு தான் எழுதிய பதிவுகளின் எண்ணிக்கையை விடையாகத் தருகிறது. அதனைப் படித்த எண்ணிக்கையுடன் ஒப்பிடலாம். இவை ஒவ்வொன்றும் நிரலில் ஓரிரு வரிகளே. ஆனால் மாதக்கணக்கான உழைப்பை அவை காக்கும்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, போட்சுவானா நாடுகளின் ஆய்வாளர்கள் கொரோனா வைரஸின் புதிய திரிபு ஒன்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். பின்னர் ஓமைக்ரான் எனப் பெயர்பெற்ற அத்திரிபைப் பழைய வரிசையிலிருந்து வேறுபடுத்திக் காட்டியவை கூர்ப்புரத மரபணுவிலும் பிற இடங்களிலும் இருந்த எழுத்து மாற்றங்களே. அம்மாற்றங்கள் கருவியின் பிழையோ நிரலின் பிழையோ அல்ல, வைரஸில் உண்மையாகவே நிகழ்ந்தவை என உறுதிகூற முடிந்தால்தான் அத்தகைய அறிவிப்புக்கு மதிப்பு உண்டு. இயற்கை செய்த மாற்றத்தையும் நாம் செய்த பிழையையும் பிரித்தறிய, நம் பக்கத்துப் பிழையை முற்றிலும் களைந்திருத்தல் வேண்டும்.

கணினி விரைவாகப் படிக்கும்; சோர்வின்றி எழுதும். எதைப் படிக்கிறோம், எங்கிருந்து எண்ணுகிறோம், எழுதியது மூலத்தோடு ஒக்கிறதா என்னும் வினாக்களை எழுப்புவது மனிதரின் கடமை. நான்கெழுத்துச் சுவடியைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் கற்க வேண்டியது அவ்வினாக்களையே.

கற்பவை கற்றபின்

1. நான்கெழுத்துகளைக் கொண்டு 30 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசையைத் தாளில் எழுதுக. அதனை முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்துகளிலிருந்து தொடங்கி மும்மூன்றாகப் பிரித்து வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.
2. பாடத்தில் தரப்பட்ட எண்ணிக்கைகளைக் கொண்டு, வைரஸ் வரிசையில் சி, ஜி ஆகிய இரண்டும் சேர்ந்து எத்தனை விழுக்காடு எனக் கணக்கிடுக.
3. ஒரு பக்க உரையை வகுப்பில் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்து எழுதுக. இறுதிப் படியை மூலத்துடன் ஒப்பிட்டு, நேர்ந்த பிழைகளை விடுபட்டவை, சேர்ந்தவை, மாறியவை என வகைப்படுத்துக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா
1. ஃபாஸ்டா வடிவத்தின் இரு விதிகள் யாவை?
2. வரிசையில் ‘என்’ என்னும் எழுத்து எதைக் குறிக்கிறது?

சிறுவினா
1. ஃபாஸ்ட்கியூ கோப்பில் ‘@’ குறியைக் கொண்டு பதிவுகளை எண்ணுவது ஏன் தவறாகும்?
2. ‘எழுதுதலில் நேரும் பிழை மூலத்தையே கெடுத்துவிடும்’ – விளக்குக.

நெடுவினா
ஓரெழுத்து விடுபடுவதால் புரதம் முழுவதும் மாறுவதைக் கூர்ப்புரத மரபணுவைச் சான்றாகக் கொண்டு விளக்கி, அப்பிழையைத் தடுக்கும் வழிகளைத் தொகுத்து எழுதுக.